நடைக்கூடத்தில் கட்டில் கிடையாது

ஆறு வருடம் மருத்துவம் படித்து, உடம்பில் உள்ள எலும்பு நரம்பு அத்தனையின் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக் கற்றிருந்த மெல்போவுக்கு, எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அரசாங்கம் மூன்று மாதப் பயிற்சி ஒன்றை வைத்திருக்கிறது. கல்லூரியை விட்டு வெளியே வரும் புது மருத்துவர் ஒரு வருடம் ஏதாவது மலையிலோ தீவிலோ தனியாக இருந்து வைத்தியம் பார்த்தாக வேண்டும். அதற்கு முன்னால் மூன்று மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொழில் பழக வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டம் எழுதியவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

மெல்போவுக்கு விழுந்தது அல்மிரோனா தீவு. வாரத்துக்கு இரண்டு கப்பல், காற்று அடித்தால் அதுவும் கிடையாது. அங்கிருந்த மருத்துவர் போன குளிர்காலத்துக்கு முன்பே மூட்டை கட்டிவிட்டார். இனி அந்தத் தீவில் எந்த மீனவனாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஓடிப்போய்ப் பார்க்க மெல்போவை விட்டால் ஆள் இல்லை. அவளோ அதுவரை இரண்டு நெஞ்சின் மேல்தான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தாள். ஒன்று தன்னுடையது, இன்னொன்று தன் தம்பியுடையது. இரண்டும் ஆரோக்கியமாக இருந்து தொலைத்தன.

அதனால் அந்த மூன்று மாதத்திடம் அவள் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு மாரடைப்புக்காரரை ஆரம்பத்திலிருந்து தன் கையால் பார்த்து, அவர் பிழைத்து எழுந்து உட்கார்வதைக் கண்ணால் கண்டுவிட வேண்டும். தீவில் முதல் ஆள் தன் முன்னால் சாகக் கூடாது.

முதல் நாள் புதியவர்களை வரவேற்று இயக்குநர் லாம்ப்ரோஸ் மவ்ரிதிஸ் பேசினார். உயரமான மனிதர், வெள்ளைத் தலை, கஞ்சி போட்டு விறைப்பாக நின்ற கோட்டு. அவருக்குப் பின்னால் பதவி வாரியாக ஆட்கள் நின்றார்கள்.

"பிள்ளைங்களா, ஒரு டாக்டர் முதல்ல கத்துக்க வேண்டியது கெடுதல் பண்ணாம இருக்கிறது. கெடுதல் பண்ணாம இருக்க ஒரே வழிதான் இருக்கு. தொடாம இருக்கணும். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்ல. என் கை பட்டு ஒருத்தர் செத்தார்னு எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்."

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். மெல்போவுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அப்போ நாங்க எப்படி இயக்குநரே கத்துக்கறது?"

கை தட்டல் நின்றது. இயக்குநர் அவளைப் பார்க்கவில்லை, முதல் துணை இயக்குநரைப் பார்த்தார். அவர் இரண்டாம் துணை இயக்குநரைப் பார்த்தார். அந்தப் பார்வை மூத்த மருத்துவர், இளைய மருத்துவர் என்று படிப்படியாக இறங்கிக் கடைசியில் க்ளியோவிடம் வந்து நின்றது. க்ளியோ நாலாவது வருட மேற்படிப்பு மாணவி. கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், காதில் எந்நேரமும் போன். அவளுக்குக் கீழே பார்க்க இனி மெல்போதான் பாக்கி. அதனால் அவள் மெல்போவின் முழங்கையைக் கிள்ளி ஓரமாக இழுத்துப் போனாள்.

"கேள்வி கேக்கணும்னா என்கிட்ட கேளுடி. நான் எனக்கு மேல இருக்கறவர்கிட்ட கேப்பேன். அவர் அவருக்கு மேல இருக்கறவர்கிட்ட கேப்பார். பதில் அதே வழியா இறங்கி வரும்."

"எப்போ வரும்?"

"போன வருஷம் ஒருத்தன் கேட்டான். பதில் இன்னும் வரல. அவன் ஜெர்மனிக்குப் போயி வீடே வாங்கிட்டான்."

பயிற்சி தொடங்கியது. தினமும் காலையில் நோயாளிகளைப் பார்வையிடும் பெரிய சுற்று. இயக்குநர் முன்னால் நடப்பார். அவர் நிழலை மிதிக்காத தூரத்தில் துணை இயக்குநர்கள், அதற்குப் பின்னால் மற்றவர்கள், கடைசியில் தீவுக்கும் மலைக்கும் போகப்போகிற புதியவர்கள். அறைகள் சிறியவை. இயக்குநரும் அவருடைய ஆட்களும் உள்ளே போனதும் அறை நிறைந்துவிடும், மெல்போ வெளியே நிற்பாள். ஆட்களின் முழங்கைகளுக்கு நடுவே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்கள்தான். ஒரு மாதத்தில் பாதத்தைப் பார்த்தே ஆளின் பெயரைச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். அந்த ஆளுக்கு என்ன நோய் என்று கேட்டால் தெரியாது.

மற்ற பாடங்களும் இருந்தன. இயக்குநர் தொடாத கையைத் துடைப்பதற்குத் துண்டு நீட்ட வேண்டும். அதை வலப்பக்கமிருந்து நீட்ட வேண்டும். யாருக்குக் காப்பி சர்க்கரையில்லாமல், யாருக்கு அரைச் சர்க்கரை, யாருக்குத் தித்திக்கத் தித்திக்க என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். யோர்தானிஸ் என்று அவளோடு சேர்ந்த இன்னொரு புதியவன் சத்தமே வராமல் கதவு திறப்பதில் மேதையாக விளங்கினான். "இவன் பெரிய ஆளா வருவான்" என்று முதல் துணை இயக்குநர் எல்லார் முன்னாலும் அவனைப் பாராட்டினார். யோர்தானிஸ் அன்று மதியம் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சுற்றில் ஒரு விஷயம் மெல்போவுக்குக் கொஞ்ச நாள் புரியாமல் இருந்தது. அவள் நின்ற நடைக்கூடத்தின் இருபுறமும் சக்கரம் வைத்த மடக்குக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் படுத்திருந்தார். சிலர் முனகினார்கள். ஒருவருடைய சொட்டு மருந்துப் புட்டி தீயணைப்புக் கருவியின் கொக்கியில் தொங்கியது. இயக்குநரின் ஊர்வலமோ அவர்கள் நடுவே போய் வந்தது, ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஒரு நாள் இயக்குநரின் கோட்டு நுனி ஒரு கட்டில் காலில் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்து விடுவித்துக்கொண்டு, "தரை சரியில்ல, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

"இவங்க யாரு?" என்று மெல்போ க்ளியோவைக் கேட்டாள்.

"எவங்க?"

"இந்தக் கட்டில்ல இருக்கிறவங்க."

"நடைக்கூடத்துல கட்டில் கிடையாது. அமைச்சர் டிவில சொல்லிட்டாரு. நாட்டுல எந்த ஆஸ்பத்திரிலயும் இனிமே நடைக்கூடத்துல கட்டில் கிடையாதுன்னு. அன்னிக்கே நம்ம இயக்குநர் இங்க கட்டில் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டாரு. அமைச்சர்கிட்டேர்ந்து பாராட்டு வந்துச்சு."

"ஆனா இதோ இருக்கே."

க்ளியோ கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். அது நின்றபடியே தூங்கும் பழக்கம் என்று மெல்போவுக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்து சொன்னாள்: "நோயாளியைத் தொடக் கூடாதுன்னுதான சொன்னாரு? கட்டிலே இல்லைன்னா அதுல நோயாளி எங்கேர்ந்து வருவான்? இவங்க நோயாளி இல்ல. எனக்கு ரெண்டு கை போதல. நீ தொடு."

இப்படித்தான் மெல்போவின் படிப்பு தொடங்கியது. காலையில் பெரிய சுற்று பாதங்களைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போன பிறகு, அவள் கட்டில் கட்டிலாக உட்கார்ந்தாள். நாடி பிடித்தாள், முதுகைத் தட்டிக் கேட்டாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ஊசி போட்டாள். முதல் ஊசியில் ஒரு ஆலிவ் வியாபாரியின் புறங்கை வீங்கிப்போனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னொரு கையும் இருக்கு டாக்டரம்மா, அவசரமில்ல" என்றார். நாலைந்து நாளில் நடைக்கூடமே அவளுக்குப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. "என் ரத்தக்குழாய் நல்லா எடுப்பா இருக்கும், இங்க வாங்க" என்று அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். "என் நுரையீரல்ல ஒரு சத்தம் வருது, கேட்டுப் பாருங்க, ரூம்ல இருக்கிற எவன்கிட்டயும் கிடையாது" என்று ஒரு கிழவி பெருமை அடித்துக்கொண்டாள். கிராமத்தில் கோழிப் பண்ணை வைத்திருந்தவள் அவள், எதையும் விலை பேசிப் பழகியவள். மெல்போ சந்தோஷமாக இருந்தாள். தான் ஒரு மருத்துவர்தான் என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மாரடைப்பு மட்டும் வரவில்லை. அதற்காக ஆசைப்படுவது பாவம் என்பதால் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஈஸ்டர் வந்தது. நாற்பது நாளுக்கு மேல் நோன்பிருந்து கறியைத் தொடாமல் இருந்த மாவட்டம் முழுவதும் சனிக்கிழமை நள்ளிரவு பூசை முடிந்ததும் குடல் சூப்பில் தொடங்கியது. ஞாயிறு முழுக்க கம்பியில் சுழன்ற முழு ஆடு, அதோடு குடல் சுற்றிச் சுட்ட கொக்கொரெட்சி. திங்கட்கிழமை ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். இது வருடா வருடம் நடப்பது. அதனால் ஈஸ்டர் திங்களன்று யார் எந்த வலியோடு வந்தாலும் அந்த ஆஸ்பத்திரியில் நோய் ஒன்றுதான், அதன் பெயர் ஆடு. தலை வலித்தாலும் ஆடு, கால் வீங்கினாலும் ஆடு. ஒரு முறை ஒருவர் தான் கறியே தின்பதில்லை என்று சத்தியம் செய்தார். அவருக்குப் பக்கத்து வீட்டுப் புகை என்று முடிவானது.

அன்றைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. லாம்ப்ரோஸ் என்று பெயர் வைத்தவர்களுக்கு ஈஸ்டர்தான் நாமவிழா, அதாவது பிறந்தநாள் போலப் பெயருக்குக் கொண்டாடும் நாள்; ஞாயிறு விடுமுறை என்பதால் ஆஸ்பத்திரியில் அதைத் திங்களன்று கொண்டாடினார்கள். நாமவிழாக்காரர் எல்லாருக்கும் விருந்து வைக்க வேண்டும். இயக்குநர் இனிப்பு ரொட்டியும் சாயம் போட்ட சிவப்பு முட்டைகளும் கொண்டுவந்து, சுற்றுக்குக் கிளம்பும் முன் துணை இயக்குநர்களோடு முட்டையோடு முட்டை முட்டி விளையாடினார்; யாருடையது உடையாமல் நிற்கிறதோ அவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம். எல்லார் முட்டையும் உடைந்தது, அவருடையது உடையவில்லை. துணை இயக்குநர்கள் வீட்டிலிருந்தே கீறிய முட்டை கொண்டுவந்திருந்தார்கள்.

ஊர்வலம் அறை அறையாகப் போனது. இயக்குநர் ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் நின்று "கிறிஸ்து உயிர்த்தார்" என்பார். படுத்திருப்பவர் "மெய்யாகவே உயிர்த்தார்" என்று பதில் சொல்ல வேண்டும்.

"பார்த்தீங்களா, பதில் சொல்ல மூச்சு இருக்கு" என்றார் இயக்குநர் பின்னால் திரும்பி. "இதுக்கு எந்த மெஷினும் தேவையில்ல. ஆடுதான். அடுத்தது."

நடைக்கூடத்தின் கடைக்கோடிக் கட்டிலில் அன்று விடிகாலை வந்து படுத்தவர் பன்டெலிஸ். மாவட்டப் பஸ் ஓட்டுகிறவர், கட்டை குட்டையான ஆள். வாசலில் இருந்தவர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி.

"நேத்து என்ன சாப்பிட்டே?"

"ஆடு."

"போய்ப் படு."

மெல்போ அவரிடம் போனபோது அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"எங்க வலிக்குது?"

"வலின்னு சொல்ல முடியல டாக்டரம்மா. யாரோ நெஞ்சு மேல பஸ்ஸை நிறுத்திட்டு டீசல் போடப் போன மாதிரி இருக்கு. கை வேற கடுக்குது. கியர் போடற வலது கை இல்ல, இடது."

அவள் ஓடிப்போய் இதயத் துடிப்பு வரைகிற கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தாளில் கோடு விழ விழ அவள் குனிந்து பார்த்தாள். புத்தகத்தில் பார்த்த அதே மேடு, அதே வளைவு. இத்தனை நாளாகக் காத்திருந்தது வந்துவிட்டது. வந்த பிறகு அவளுக்கு அது வேண்டவே வேண்டாம் என்றிருந்தது.

க்ளியோ வந்து தாளைப் பார்த்தாள். ஒரு நிமிடம் தூக்கம் முழுக்கப் போய்விட்டது அவளுக்கு. "இது ஆடு இல்ல" என்றாள். ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுத்தாள், கொடுக்க வேண்டிய மற்றதைக் கொடுத்தாள், மேல் மாடியில் இருந்த இதயப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"மாரடைப்பு. உடனே அடைச்ச ரத்தக்குழாயைத் திறக்கணும். மேல அனுப்பறேன்."

"அனுப்பு அனுப்பு. எந்த ரூம்?"

"ரூம் இல்ல. நடைக்கூடத்துல ஒரு கட்டில்."

"நடைக்கூடத்துல கட்டில் கிடையாதே."

"அண்ணே, ஆள் சாகப் போறாரு."

"எனக்கும் புரியுது க்ளியோ. ரூம் நம்பர் போடாம கம்ப்யூட்டர் ஏத்துக்கறதில்ல. இல்லாத ஆளுக்கு நான் எப்படிக் குழாய் திறக்கறது? உங்க இயக்குநர் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

இயக்குநர் அப்போது ஏழெட்டு அடி தள்ளி, பக்கத்து அறைக் கதவுக்குள் இருந்தார். மெல்போ ஓடினாள். யோர்தானிஸ் குறுக்கே கை நீட்டினான்.

"வரிசை, மெல்போ."

"ஆள் செத்துக்கிட்டிருக்காருடா."

"சாகட்டும்னு சொல்லல. வரிசைல சொல்லுன்னு சொல்றேன்."

வரிசையில் சொல்வதைத் தவிர வழி இல்லை. க்ளியோ தனக்கு மேலே இருந்த இளைய மருத்துவரின் காதில் சொன்னாள்: "நடைக்கூடத்துல ஒருத்தருக்கு மாரடைப்பு." மாரடைப்பு என்று நாமவிழா அன்று மேலே சொல்வது நன்றாக இருக்காது என்று நினைத்த அவர், "நடைக்கூடத்துல ஒருத்தருக்கு நெஞ்சுல ஏதோ" என்றார். மூத்த மருத்துவருக்கு நெஞ்சும் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. "ஒருத்தருக்கு உடம்பு அவ்வளவு சரியில்லையாம்" என்று இரண்டாம் துணை இயக்குநரிடம் சொன்னார். உடம்பு சரியில்லை என்ற சொல்லை ஆஸ்பத்திரியில் சொல்வதா என்று அவர் தயங்கினார். "நடைக்கூடத்துல இருக்கிறவங்க உங்க எல்லாரையும் நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்றார். முதல் துணை இயக்குநர் அதை இயக்குநரிடம் சேர்ப்பித்தார்.

"இயக்குநரே, உங்க நாமவிழாவுக்கு நடைக்கூடத்துலேர்ந்தும் வாழ்த்துச் சொல்றாங்க."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "என் நன்றியைச் சொல்லிடுங்க" என்றார்.

நன்றி அதே வழியாக இறங்கி மெல்போவிடம் வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து முதல் துணை இயக்குநர் ஒரு தும்மல் போட்டார். அவ்வளவுதான், ஐந்து மருத்துவர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். ஒருவர் நெற்றியைத் தொட்டார், ஒருவர் நாடியைப் பிடித்தார், ஒருவர் தொண்டையைக் காட்டச் சொன்னார். தொடாமை என்ற கொள்கையை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மெல்போ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்கிற ஆட்கள் யார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். கடைக்கோடிக் கட்டிலுக்குப் போய்ப் பன்டெலிஸின் கையை அதற்குள் நுழைத்தாள்.

"என்ன டாக்டரம்மா இது?"

"அசையாதீங்க. கொஞ்ச நேரம் நீங்கதான் டாக்டர்."

"நான் எட்டாங்கிளாஸ் தாண்டல."

"பரவாயில்ல. இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"சம்பளம் உண்டா?"

"பிழைச்சா கேளுங்க."

பொத்தான் எட்டவில்லை, வயிறு பெரிசு. அவள் அப்படியே விட்டாள். கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்து, உருட்டிக்கொண்டு போய், சரியாக வரிசையின் கடைசியில், தான் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். பிறகு சாதாரணக் குரலில் சொன்னாள்.

"ஒரு டாக்டர் மயங்கிட்டார்."

வரிசை உடைந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் வரிசை உடைந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஒரு துணை இயக்குநர் வலக்கை நாடியையும் இன்னொருவர் இடக்கை நாடியையும் பிடித்தார்கள். மூத்த மருத்துவர் காதை நெஞ்சில் வைத்தார். கண் மூடித் திறப்பதற்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் "மாரடைப்பு" என்றார்கள். அவர்களுக்கு வைத்தியம் நன்றாகவே தெரிந்திருந்தது. அதுதான் மெல்போவுக்குப் பொறுக்க முடியாமல் போனது.

இயக்குநர் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். "நம்ம பிள்ளை. நம்ம சொந்தப் பிள்ளை" என்று பன்டெலிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய பிள்ளை. "எங்கேர்ந்துப்பா வர்றே?"

"தெசலோனிகி" என்றார் பன்டெலிஸ் மூச்சு வாங்கியபடி. "ராத்திரி வண்டி."

"தெசலோனிகில படிச்சவனா. நல்ல கல்லூரி. கவலைப்படாதே."

எந்த ரூம் என்று யாரும் கேட்கவில்லை. "இவர் எதுமேல படுத்திருக்கார்?" என்று இரண்டாம் துணை இயக்குநர் மட்டும் மெல்லக் கேட்டார். ஸ்ட்ரெச்சர் என்று முடிவானது. இயக்குநருக்கென்றே இருந்த லிஃப்ட் திறந்தது, கட்டிலும் பன்டெலிஸும் மேலே போனார்கள். மெல்போவும் உள்ளே நுழையப் பார்த்தாள்.

"யாரும்மா நீ?" என்றார் காவலாளி.

"நான் டாக்டர்."

அவர் அவளுடைய பூப்போட்ட சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "சொந்தக்காரங்க சாயங்காலம் வந்து பாருங்க" என்று சொல்லி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மற்ற சொந்தக்காரர்களோடு வரிசையில் நின்று உள்ளே போனாள். பன்டெலிஸ் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் ரத்தம் ஓடியது. குழாயைத் திறந்துவிட்டார்கள். மருத்துவர் என்பதால் ஜன்னலோர அறை கொடுத்திருந்தார்கள்.

"டாக்டரம்மா, இந்தக் கோட்டைத் திருப்பித் தரட்டுமா?"

"வேண்டாம். வீட்டுக்குப் போற வரைக்கும் கழட்டாதீங்க."

"ரெண்டு பேர் வந்து என்கிட்ட சந்தேகம் கேட்டாங்க. உப்பைக் குறைக்கச் சொன்னேன்."

மெல்போ சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதும் தீர்த்தாள். ஒருவரை ஆரம்பத்திலிருந்து பார்த்து, அவர் எழுந்து உட்கார்ந்ததையும் பார்த்துவிட்டாள். இனி அல்மிரோனாவுக்குப் பயமில்லாமல் கப்பல் ஏறலாம்.

மூன்று மாதம் முடிந்தது. கூடத்தில் நிறைவு விழா, மேடையில் பூச்சாடி. மெல்போவுக்கு நன்றி சொல்லவென்று பன்டெலிஸ் மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு கேக் பெட்டி. இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"இந்த முறை நம்ம பயிற்சில முதலா வந்தவர் நம்ம பன்டெலிஸ். மூணு மாசத்துல இவர் ஒரு கேள்வி கேட்டதில்ல. ஒரு நோயாளி மேல கை வச்சதில்ல. எங்க நிக்கணுமோ அங்க இருந்தார். கடைசில தன் நெஞ்சையே வைத்தியத்துக்குக் கொடுத்தார். ஒரு பயிற்சி மருத்துவர்கிட்ட இதுக்கு மேல என்ன எதிர்பார்க்க முடியும்? பொறுப்பான இடத்துக்குப் பொறுப்பான ஆள் போகணும். அல்மிரோனா தீவை இவருக்குக் கொடுக்கிறோம்."

பன்டெலிஸ் எழுந்து நின்றார். "ஐயா, நான் பஸ் ஓட்டறவன்."

கூடம் நெகிழ்ந்து கை தட்டியது. "என்ன பணிவு பாருங்க" என்றார் முதல் துணை இயக்குநர். "அந்தத் தீவுல பஸ்ஸும் ஒண்ணு இருக்கு" என்றார் இரண்டாமவர்.

அடுத்து மெல்போவின் பெயர் வந்தது. ஈஸ்டர் திங்களன்று வரிசையில் இல்லை. கோட்டு இல்லாமல் நடைக்கூடத்தில் காணப்பட்டார். ஆட்களைத் தொட்டதாகப் பல தரப்பிலிருந்தும் புகார். பயிற்சியில் தேறவில்லை, இன்னும் மூன்று மாதம்.

மெல்போ எழுந்தாள். வரிசை கிரிசை எதையும் அவள் பார்க்கவில்லை.

"இயக்குநரே, அங்க டாக்டர் இல்லாம ஒரு குளிர்காலம் போயிடுச்சு. யாருக்காவது நெஞ்சு வலிச்சா இந்த மனுஷன் என்ன பண்ணுவார்?"

"உப்பைக் குறைக்கச் சொல்வேன்" என்றார் பன்டெலிஸ் நேர்மையாக. "அதுக்கு மேல எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணை அனுப்புங்கய்யா."

இயக்குநர் கையை உயர்த்தினார். "உணர்ச்சிவசப்படறது வைத்தியத்துக்கு ஆகாது. அதனாலதாம்மா உனக்கு இன்னும் மூணு மாசம்." கூடம் மறுபடி கை தட்டியது. விழா முடிந்து எல்லாரும் பன்டெலிஸின் கேக்கை வெட்டித் தின்றார்கள்.

மெல்போ வெளியே கிளம்பும்போது யோர்தானிஸ் வந்து, இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிடுவதாகச் சொன்னான். இன்னும் என்ன மிச்சம் வைத்திருக்கிறார் என்று எரிச்சலோடு போனாள். யோர்தானிஸ் சத்தமில்லாமல் கதவைத் திறந்தான், சத்தமில்லாமல் மூடினான்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கஞ்சி போட்ட கோட்டைக் கழற்றி வைத்திருந்தார். கோட்டு இல்லாமல் பார்க்க யாரோ ஒரு வயசானவர் மாதிரி இருந்தார். நெற்றியில் வியர்வை.

"காலைலேர்ந்து இங்க ஒரு பாரம்" என்றார் நெஞ்சைத் தொட்டு. "மேடைல நிக்கும்போது இந்தக் கை வரைக்கும் வந்துச்சு."

மெல்போ அவர் நாடியைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"துணை இயக்குநர் பக்கத்து ரூம்லதான இருக்காரு?"

"அவர்கிட்ட போனா, என்னன்னு என்னையே கேப்பார். நான் ஆடுன்னு சொன்னா ஆடும்பார். என்கிட்ட கத்துக்கிட்டவர்."

"யோர்தானிஸ் வாசல்ல நிக்கறான்."

"அவன் கதவு திறப்பான்."

"பயிற்சில முதலா வந்த டாக்டர் இன்னும் கீழதான் கேக் சாப்பிட்டுக்கிட்டிருக்கார். கூப்பிடட்டுமா?"

"விளையாடாதம்மா" என்றார் இயக்குநர்.

"நான் தேறலையே, இயக்குநரே. தொட்டுப் பாக்கறேன்னு புகார் இருக்கு."

அவர் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்."